மயக்க மருந்தும் மனச்சோர்வும்: ஒரு தாயின் கேள்வி



சில மாதங்களுக்கு முன், ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்த நேரம். பென்னாகரத்தை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து வந்திருந்த தாய் ஒருவர் பங்குத்தந்தையைப் பார்க்கக் காத்திருந்தார். நாங்களும் அருகில் நின்றிருந்தோம். அவர் கையில் இருந்த கைபேசியில் யாரோ அனுப்பியிருந்த ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

"சாமி, எம்பையன் ரெண்டு வருசமா மாத்திரை சாப்பிடறான். ஒண்ணும் கேக்கல. வேலைக்குப் போறதில்ல, சரியா தூங்கறதில்ல, செத்துப் போலாம்னு சொல்றான். ஏதோ மயக்க ஊசி போட்டா ஒரே நாள்ல சரியாயிடும்னு இதுல சொல்றாங்க. நிசமா சாமி? இல்ல, நாங்க செஞ்ச பாவந்தான் புள்ளய இப்படி வாட்டுதா?"

அந்தத் தாய் கேட்டவை இரண்டு கேள்விகள். இரண்டாவது கேள்விக்குப் பங்குத்தந்தை உடனே பதில் சொன்னார்: "பாவம் இல்லம்மா. இது நோய்." முதல் கேள்விக்குப் பதில் சொல்ல அவகாசம் கேட்டார். நாங்களும் மருத்துவர்களைக் கேட்டோம், படித்தோம். தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம். இதே கேள்வியோடு, கேட்க வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள் நம் பங்குகளில் இன்னும் பல இருக்கக்கூடும் அல்லவா?

மன பலவீனமா, நோயா?

துன்பம் வந்தால் எல்லாருக்கும் மனம் சோர்கிறது. விளைச்சல் பொய்த்தால், கடன் நெருக்கினால், அன்புக்குரியவர் இறந்தால் அழாதவர் யார்? அது நோயல்ல. ஆனால் இரண்டு வாரங்களுக்கும் மேலாக, நாள் முழுதும், எதிலும் நாட்டமில்லாமல் போவது, தூக்கமும் பசியும் கெடுவது, உடல் ஓய்ந்துபோவது, 'நான் எதற்கும் உதவாதவன்' என்ற எண்ணம் விடாமல் அரிப்பது, சாவைப் பற்றியே நினைப்பது ஆகியவை சேர்ந்து வந்தால் மருத்துவர்கள் அதை மனச்சோர்வு நோய் என்கிறார்கள். மன அழுத்தம் என்றும் மக்கள் சொல்வதுண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தவர்களில் ஏறக்குறைய இருபதில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இந்நோய் வந்திருக்கிறது. அப்படியானால், நம் ஆலயத்தின் ஒவ்வொரு இருக்கை வரிசையிலும் ஒருவர் இருக்கலாம்.

நம் பகுதியிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதை நாம் அறிவோம். அந்த நீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பற்கள் பழுப்பேறின. பெரியவர்களுக்கு மூட்டுகள் இறுகின, எலும்புகள் வளைந்தன. தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. கோளாறு கண்ணுக்குத் தெரியவில்லை. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டதும் இதற்காகத்தான். பல் பழுப்பேறிய பிள்ளையிடம் 'நீ சரியாக ஜெபிக்கவில்லை' என்று நாம் சொல்வதில்லை. ஆனால் மனம் சோர்ந்த பிள்ளையிடம் அப்படித்தானே சொல்கிறோம்? அங்கும் கண்ணுக்குத் தெரியாத கோளாறு ஒன்று இருக்கிறது. அது மூளையின் செயல்பாட்டிலும், உடலிலும், வாழ்க்கைச் சூழலிலும் கலந்து கிடக்கிறது.

'மாத்திரை கேட்கவில்லை' என்றால் என்ன?

மனச்சோர்வுக்கு மாத்திரைகள் கிடைக்கத் தொடங்கியது 1950-களில்தான். முதல் மருந்துகளில் ஒன்று காசநோய்க்குக் கொடுக்கப்பட்டது; அதைச் சாப்பிட்ட நோயாளிகள் உற்சாகமடைவதைக் கண்டபோதுதான் அதன் மற்றொரு குணம் தெரியவந்தது. இன்று பல வகை மாத்திரைகள் உள்ளன. இவை தலைவலி மாத்திரை போல அரைமணி நேரத்தில் வேலை செய்பவை அல்ல. பலன் தெரிய இரண்டு வாரங்கள் முதல் ஆறு வாரங்கள் வரை ஆகும். ஆனால் வாய் வறட்சி, குமட்டல், தூக்கக் கலக்கம் போன்ற தொல்லைகள் முதல் வாரத்திலேயே வந்துவிடும். தொல்லை முதலில், நன்மை பிறகு! பலர் இடையிலேயே நிறுத்திவிடுவதில் வியப்பில்லை.

அமெரிக்காவில் சுமார் நாலாயிரம் நோயாளிகளைக் கொண்டு நடந்து, 2006-ல் முடிவுகள் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், முதல் மருந்திலேயே முழுமையாகக் குணமடைந்தோர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே. மற்றவர்களுக்கு மருந்தை மாற்ற வேண்டியிருந்தது, அல்லது மற்றொன்றைச் சேர்க்க வேண்டியிருந்தது. ஆகவே ஒரு மருந்து பலிக்காமல் போவது அரிதான செயலல்ல. அது நோயாளியின் குற்றமும் அல்ல. இரண்டு வெவ்வேறு மருந்துகளைப் போதிய அளவில், போதிய காலம், ஒழுங்காகச் சாப்பிட்டும் பலனில்லை என்றால்தான், அதை எளிதில் கட்டுப்படாத மனச்சோர்வு என்று மருத்துவர்கள் வகைப்படுத்துகிறார்கள்.

'போதிய அளவு, போதிய காலம், ஒழுங்காக' என்ற சொற்களைக் கவனியுங்கள். அந்தத் தாயிடம் பொறுமையாகப் பேசியபோது தெரியவந்தது இதுதான்: மகன் இரண்டு வருடமாக மாத்திரை வாங்குகிறான் என்பது உண்மை. ஆனால் கட்டட வேலைக்குப் பெங்களூரு போகும் நாட்களில் தூக்கம் வருகிறது என்று விட்டுவிடுவான். ஊருக்கு வந்தால் பத்து நாள் சாப்பிடுவான். கொஞ்சம் தெம்பு வந்தால் நிறுத்துவான். இடையில் குடியும் உண்டு. இதை மருத்துவரிடம் அவன் சொன்னதே இல்லை. மருத்துவரும் கேட்கவில்லை போலும். தைராய்டு குறை, இரத்தசோகை, மதுப்பழக்கம், வீட்டில் வன்முறை, தீராத கடன் ஆகியவையும் மருந்தைப் பலனற்றதாக்கிவிடும். சிலருக்கு வந்திருப்பது வெறும் மனச்சோர்வாக இல்லாமல், மனஎழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ நோயாக இருக்கும். அதற்குச் சிகிச்சை வேறு. புதிய மருந்தைத் தேடுமுன் பழைய மருந்துக்கு உண்மையிலேயே வாய்ப்புக் கொடுத்தோமா என்று பார்ப்பதே முதல் படி.

ஆனால் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தும் குணமடையாதவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இனி வரும் செய்தி.

கெட்டமைன்: பழைய மருந்து, புதிய பயன்

அந்த வீடியோவில் சொல்லப்பட்ட மருந்தின் பெயர் கெட்டமைன். செய்தித்தாள்களில் போதைப்பொருள் கடத்தல் செய்திகளில் இப்பெயரைப் பார்த்திருப்பீர்கள். அதனால் பெயரைக் கேட்டதுமே சிலர் அஞ்சுகிறார்கள். ஆனால் இது அறுவை அரங்கில் பல பத்தாண்டுகளாக உள்ள மயக்க மருந்து. 1962-ல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்டு, 1970-ல் அங்கே அனுமதி பெற்றது. மற்ற மயக்க மருந்துகளைப் போல மூச்சை எளிதில் அடக்குவதில்லை. இரத்த அழுத்தத்தைத் தாழ்த்துவதில்லை. ஆகவே பெரிய கருவிகள் இல்லாத சிறிய மருத்துவமனைகளிலும், போர்க்களங்களிலும் இது எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலும், நம் நாட்டின் பட்டியலிலும் இது உள்ளது.

2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள், மயக்கம் வராத சிறிய அளவில் இதை ஏழு மனச்சோர்வு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சில மணி நேரங்களில் மனச்சுமை குறைந்தது. 2006-ல் அந்நாட்டின் தேசிய மனநல நிறுவனம், பல மருந்துகள் பலிக்காத 18 பேரிடம் மீண்டும் சோதித்தது. ஒரே நாளில் பத்தில் ஏழு பேருக்கு நல்ல முன்னேற்றம். ஆனால் ஒரு வாரம் வரை அந்த முன்னேற்றம் நிலைத்தது மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான். வேகமாக வருகிறது, வேகமாகப் போய்விடுகிறது: கெட்டமைனைப் பற்றி அன்று தெரிந்த இந்த இரண்டு உண்மைகளும் இன்றும் மாறவில்லை.

இது எப்படி வேலை செய்கிறது? வழக்கமான மாத்திரைகள் செரட்டோனின் போன்ற பொருள்களின் வழியாக மெதுவாகச் செயல்படுகின்றன. கெட்டமைன், குளூட்டமேட் என்னும் மற்றொரு பொருளின் வழியாகச் செயல்படுகிறது. நீண்ட மன உளைச்சலில் மூளை நரம்புகளுக்கு இடையிலான இணைப்புகள் குறைகின்றன என்றும், இம்மருந்து கொடுத்த சில மணி நேரங்களில் அவை மீண்டும் தளிர்க்கின்றன என்றும் எலிகளில் செய்த ஆய்வுகள் காட்டியுள்ளன. கோடையில் காய்ந்த கொம்பில் முதல் மழைக்குப்பின் துளிர் விடுவதை நினைத்துக்கொள்ளலாம். மனிதரிடம் நடப்பது முழுவதும் இதுதானா என்பதில் அறிஞர்களிடையே ஆய்வு தொடர்கிறது.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் பேராசிரியர் சித்தரஞ்சன் ஆண்ட்ரேட், 2017-ல் இம்மருந்தின் அளவு, முறை, பாதுகாப்பு ஆகியவற்றைப் பற்றி உலக அளவிலான மருத்துவ இதழில் தொடர் கட்டுரைகள் எழுதினார். ஆகவே இது எங்கோ வெளிநாட்டில் மட்டும் பேசப்படும் செய்தி அல்ல. நம் நாட்டிலும் மருத்துவர்கள் அறிந்து, தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்குத் தருகிற சிகிச்சைதான்.

எப்படிக் கொடுக்கிறார்கள்?

'ஒரு ஊசி போட்டால் சரி' என்பது தவறு. வழக்கமான முறையில், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு அரை மில்லிகிராம் என்ற கணக்கில், நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக 40 நிமிடங்கள் ஏற்றுகிறார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு 30 மில்லிகிராம். அறுவைச் சிகிச்சைக்குக் கொடுப்பதில் இது பாதியோ அதற்கும் குறைவோதான். நோயாளி பெரும்பாலும் விழித்தே இருப்பார். தன் உடலை விட்டு விலகி மிதப்பது போலவும், சத்தமும் நிறமும் மாறுவது போலவும் தோன்றும். சிலருக்கு இது அச்சம் தரும். தலைசுற்றலும் குமட்டலும் வரலாம். இரத்த அழுத்தம் ஏறும். ஆகவே மருத்துவரும் செவிலியரும் அருகிலிருந்து சுமார் இரண்டு மணி நேரமாவது கவனிக்க வேண்டும். அன்று நோயாளி இருசக்கர வண்டி ஓட்டக்கூடாது. துணைக்கு ஒருவர் வர வேண்டும். பொதுவாக வாரம் இருமுறையாகச் சில வாரங்கள் கொடுத்து, பலன் தெரிந்தால் இடைவெளியைக் கூட்டுகிறார்கள். கூடவே வழக்கமான மாத்திரையும் ஆலோசனைச் சிகிச்சையும் தொடரும்.

இதன் உறவு மருந்தான எஸ்கெட்டமைன், மூக்கில் தெளிக்கும் வடிவில் 2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதையும் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதில்லை. மருத்துவமனையில் வைத்தே தெளித்துக் கவனிக்கிறார்கள். நரம்பு வழி கெட்டமைன் இன்றும் மயக்க மருந்தாகவே அனுமதி பெற்றது. மனச்சோர்வுக்கு அதைக் கொடுப்பது மனநல மருத்துவர் தம் பொறுப்பில், நோயாளியிடம் விளக்கிச் சம்மதம் பெற்றுச் செய்வது.

கட்டுப்படாத இரத்த அழுத்தம், இதயக் கோளாறு, கர்ப்பம், இல்லாததைக் காண்கிற அல்லது கேட்கிற மனநோய், மது அல்லது போதைப் பழக்கம் ஆகியவை உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் இதைத் தவிர்ப்பார்கள்.

அதிசயம் அல்ல, ஓர் உதவி

இதன் எல்லைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அடிக்கடி, அதிக அளவில் எடுத்தால் இது அடிமைப்படுத்தும், சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கும், நினைவாற்றலைக் கெடுக்கும். புகழ்பெற்ற அமெரிக்க நடிகர் மேத்யூ பெர்ரி 2023 அக்டோபரில் இறந்தபோது, கெட்டமைனின் விளைவே முதன்மைக் காரணம் என்று பரிசோதனையில் தெரிந்தது. மனச்சோர்வுக்காக முறைப்படி சிகிச்சை பெற்றவர்தான் அவர். ஆனால் உயிரைப் பறித்தது, அதற்கு வெளியே முறைகேடாகப் பெற்ற மருந்து. அவ்வழக்கில் மருத்துவர்கள் இருவரே குற்றத்தை ஒப்புக்கொண்டனர். நம் நாட்டில் 2013 முதல் இம்மருந்து 'எக்ஸ்' அட்டவணையில் உள்ளது. மருத்துவரின் சீட்டு இன்றி விற்பது குற்றம். அந்தச் சீட்டின் நகலை மருந்துக்கடைக்காரர் இரண்டாண்டுகள் வைத்திருக்க வேண்டும். 'வீட்டுக்கே அனுப்புகிறோம்' என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள்.

மற்றொரு செய்தி நம்மைச் சிந்திக்க வைக்கிறது. 2023-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள், வேறு அறுவைச் சிகிச்சைக்காக முழு மயக்கத்தில் இருந்த 40 மனச்சோர்வு நோயாளிகளில் ஒரு பாதியினருக்குக் கெட்டமைனும், மறு பாதியினருக்கு வெறும் உப்பு நீரும் ஏற்றினார்கள். தமக்குக் கிடைத்தது எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. அடுத்த நாட்களில் இரு சாராருமே ஏறக்குறைய ஒரே அளவு தேறினார்கள்! ஒரு சிறிய ஆய்வைக் கொண்டு மருந்தில் சக்தியில்லை என்று முடிவு செய்ய முடியாது. விழித்திருக்கும் நோயாளிகளிடம் நடந்த மற்ற ஆய்வுகளில் இம்மருந்து தெளிவாக உதவியிருக்கிறது. ஆனால் 'எனக்காக ஒருவர் அக்கறை எடுக்கிறார், எனக்கு ஒரு வழி இருக்கிறது' என்ற நம்பிக்கையும் குணமளிக்கிறது என்று எண்ண இடமிருக்கிறது. அந்த நம்பிக்கையைக் கொடுக்க நமக்கு மருத்துவப் பட்டம் தேவையா?

கெட்டமைன் ஒன்றே கடைசி வழியும் அல்ல. சினிமாவில் காட்டப்பட்டதால் நாம் பயப்படும் மின்சிகிச்சை இன்றும் மிக வலிமையான சிகிச்சைகளுள் ஒன்று. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, மயக்கமும் தசைத் தளர்வு மருந்தும் கொடுக்காமல் அதைச் செய்யக்கூடாது. ஆகவே சினிமாவில் பார்த்த கொடுமை அங்கே இல்லை. 2022-ல் வெளியான சுவீடன் ஆய்வில் மின்சிகிச்சை பெற்றோரில் 63 விழுக்காட்டினரும், கெட்டமைன் பெற்றோரில் 46 விழுக்காட்டினரும் நோயிலிருந்து மீண்டனர். 2023-ல் வெளியான அமெரிக்க ஆய்விலோ, வேறு வகை நோயாளிகளிடம், கெட்டமைன் மின்சிகிச்சைக்குச் சளைத்ததல்ல என்று தெரிந்தது. யாருக்கு எது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

திருச்சபை என்ன சொல்கிறது?

'மனதுக்கு மருந்து சாப்பிடுவது விசுவாசக் குறைவு' என்று நம்மில் சிலர் நினைக்கிறார்கள். மருத்துவரை மதிக்கவும், ஆண்டவர் மண்ணிலிருந்து படைத்த மருந்துகளை வெறுக்காதிருக்கவும் சீராக்கின் ஞானநூல் 38-ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. மனநல மருந்துகள் வரத்தொடங்கிய காலத்திலேயே, 1958 செப்டம்பரில், திருத்தந்தை 12-ஆம் பயஸ் அத்துறை அறிஞர்களை உரோமையில் சந்தித்து, மனிதரின் மாண்பைக் காக்கும் கடமையை நினைவூட்டி உரையாற்றினார். 2003 நவம்பரில் வத்திக்கானில் மனச்சோர்வு பற்றியே ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கு நடந்தது. அதில் பேசிய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், மனச்சோர்வு ஓர் ஆன்மீகச் சோதனையும்கூட என்றார். மருத்துவர் அல்லாத நமக்கும், சோர்ந்தவர் தம்மீதே மதிப்பையும் வாழும் ஆசையையும் மீண்டும் பெற உதவும் பங்கு உண்டு என்று சுட்டிக்காட்டினார்.

தற்கொலையால் ஒருவரை இழந்த குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. கடுமையான மனநோய் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கிறது என்றும், அவர்களுடைய மீட்பைப் பற்றி நாம் நம்பிக்கை இழக்கலாகாது என்றும் திருச்சபையின் மறைக்கல்வி தெளிவாகக் கூறுகிறது. பழைய சட்டத்தில் இருந்த அடக்கச் சடங்குத் தடை, 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் இல்லை. அக்குடும்பங்களை ஒதுக்குவதற்கு நமக்கு எந்த உரிமையும் கிடையாது.

நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, அறிவுரை சொல்வதை நிறுத்திக் காது கொடுப்போம். 'செத்துப் போக வேண்டும் என்று தோன்றுகிறதா?' என்று அன்போடு நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை. ஆம் என்றால், அவரைத் தனியே விடாதிருப்போம். வீட்டிலுள்ள பூச்சிமருந்து, மாத்திரைகளை அப்புறப்படுத்திப் பூட்டி வைப்போம். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம்.

இரண்டாவது, வழி தெரியாதவருக்கு வழி காட்டுவோம். மாவட்ட மனநலத் திட்டம் நம் மாவட்டத்திலும் உள்ளது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்கலாம். பென்னாகரம் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரை என்றைக்குப் பார்க்கலாம் என்று விசாரிக்கலாம். தேவைப்பட்டால் சுமார் 130 கிலோமீட்டரில் நிம்ஹான்ஸ் இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் நாள் முழுவதும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம்.

மூன்றாவது, மருத்துவரிடம் முழு உண்மையைச் சொல்ல உதவுவோம். எந்த மாத்திரை, எத்தனை நாள், எப்போது விட்டது, குடி உண்டா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகலாம். அதன் பிறகும் தேறவில்லை என்றால், 'வேறு என்ன வழி இருக்கிறது? கெட்டமைன், மின்சிகிச்சை இவருக்குப் பொருந்துமா?' என்று தயங்காமல் கேட்கலாம்.

நான்காவது, திருத்தலங்களுக்குப் போவோம், ஜெபிப்போம். ஆனால் மாத்திரையை நிறுத்திவிட்டுப் போக வேண்டாம். ஜெபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று எதிரிகள் அல்ல.

இறைவாக்கினர் எலியாவை நினைத்துப் பாருங்கள். பாலைநிலத்தில் ஒரு சூரைச் செடியின் அடியில் அமர்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று ஆண்டவரிடம் மன்றாடினார். வானதூதர் வந்து அவரைக் கடிந்துகொள்ளவில்லை. 'உனக்கு விசுவாசம் இல்லையா?' என்று கேட்கவில்லை. தொட்டு எழுப்பினார். அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். தூங்க விட்டார். மீண்டும் வந்து எழுப்பி, மீண்டும் உணவு கொடுத்தார். ஒரு முறை போதவில்லை என்பதால் அவர் எலியாவைக் கைவிட்டுவிடவில்லை. மலைக்குப் போகும் பயணமும் ஆண்டவரின் மெல்லிய குரலும் அதற்குப் பிறகுதான் வந்தன.

அந்தத் தாய் மகனை மீண்டும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். பங்கிலிருந்து இருவர் துணைக்குப் போனார்கள். எல்லா உண்மையையும் சொன்னார்கள். மருத்துவர், கெட்டமைன் இப்போது தேவையில்லை, முதலில் குடியை விட்டு ஒரு மருந்தை ஒழுங்காகச் சாப்பிடட்டும் என்றார். அவன் இன்னும் முழுதாகத் தேறவில்லை. சில நாட்கள் நன்றாக இருக்கிறான், சில நாட்கள் எழுந்திருப்பதில்லை. ஆனால் அவன் மாத்திரை எடுத்தானா என்று மாலையில் போய்க் கேட்க இப்போது நம்மில் இருவர் இருக்கிறார்கள். 'பாவமா சாமி?' என்று அந்தத் தாய் பிறகு கேட்கவில்லை.

நம் தெருவில், நம் அன்பியத்தில், நம் வீட்டிலேயே சூரைச் செடியின் அடியில் உட்கார்ந்திருப்பவர் யார்? அவருக்கு அருகில் இன்று யார் போகப் போகிறோம்? சிந்திப்போம், செயல்படுவோம்.